பரணில் போடவா பாட்டி படம் எடுத்துக்கொண்டாள்?

“இறந்தவங்க படத்தையெல்லாம் ஹால்ல மாட்டாதீங்க.” புது வீட்டுக்குக் குடிபோகிற எவரும் இந்த அறிவுரையைக் கேட்காமல் இருந்ததில்லை. வாஸ்து பார்க்க வருபவர் சொல்கிறார். உள் அலங்கார வேலைக்கு வருபவர் வேறு காரணம் காட்டி அதையே சொல்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு வரும் உறவினரும் அதையே சொல்லிவிட்டுப் போகிறார். முடிவில் தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா, கலியாண குரூப் போட்டோ எல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகின்றன. என் உறவுக்குள் மட்டும் ஐந்து வீடுகளில் இது நடந்ததைப் பார்த்துவிட்டேன். நான்கு வீடுகளில் அந்தப் பொட்டலம் இன்றுவரை பிரிக்கப்படவில்லை.

எதிர்த்தரப்பு சொல்வதை முழுமையாகவே வைத்துவிடுகிறேன். புது வீடுகளில் சுவர் குறைவு, அறை சிறிது; அதில் மங்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கின்றன. இறந்தவர் படம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் வீட்டில் மங்களம் தங்காது, மனசும் கனத்துப்போகும். ஸ்கேன் செய்து போனில் வைத்துவிட்டால் படம் பத்திரமாக இருக்கும். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் கலராக்கி மாட்டலாம். மூலப்படத்தை மாட்டினால் வெளிச்சத்தில் வெளுத்துக் கெடும். இவற்றைச் சொல்பவர்கள் முன்னோர்மீது பாசம் இல்லாதவர்கள் அல்லர். பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு சொன்னதாலேயே ஒன்று சரியாகிவிடாது. இந்த வாதங்கள் ஒவ்வொன்றும் எங்கே இடறுகின்றன என்று பார்ப்போம்.

1. பொருந்தவில்லை என்கிறார்களே, எது பொருந்தவில்லை?

கறுப்பு வெள்ளையா பொருந்தவில்லை? அதே வீடுகளின் சோபாவுக்கு மேலே ஈபிள் கோபுரம் கறுப்பு வெள்ளையில் தொங்குகிறது. மழை நனைத்த லண்டன் தெருவும் நியூயார்க் பாலமும் கறுப்பு வெள்ளையில் தொங்குகின்றன. கடையில் விலை கொடுத்து வாங்கி, மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டு, அளவெடுத்து ஆணி அடித்து மாட்டியவை அவை. அந்த ஊரை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. அந்தத் தெருவில் குடைபிடித்துப் போகிற மனிதர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவர் சுவருக்குப் பொருந்துகிறார்; அந்த வீட்டுக்குக் கடைக்கால் போட உழைத்தவரின் தகப்பனார் பொருந்தவில்லை. அப்படியானால் சிக்கல் நிறத்தில் இல்லை. நம் வீட்டு முகங்கள் அழகுக்கு உரியவை அல்ல என்று நாம் நம்பத் தொடங்கியிருக்கிறோம். சிக்கல் அதுதான்.

அழகு என்றே பேசுவோம். சாம்பல் நிறம் எந்தச் சுவர்ச் சாயத்தோடும் சண்டை போடாது. ஆறு வண்ணப் படங்களை அருகருகே மாட்டினால் ஆறு நிறங்கள் மோதிக்கொள்ளும். ஆறு கறுப்பு வெள்ளைப் படங்கள், ஆறு வேறு ஊர்களில் ஆறு வேறு ஆண்டுகளில் எடுத்தவையாக இருந்தாலும், ஒரு வரிசையாக அமையும். துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் படம் அல்ல. செல்லரித்த சட்டம், புகை படிந்த கண்ணாடி, வாடிப்போன பிளாஸ்டிக் மாலை, எரியாத சீரியல் பல்பு ஆகியவைதான். இவற்றை மாற்ற ஓர் அரைநாள் போதும்.

நம் வீடுகளின் படங்களுக்குப் பின்னே ஒரு தொழில் மரபும் இருக்கிறது. சின்ன ஊர்களில்கூட ஸ்டுடியோக்காரர்கள் திரைச்சீலையில் மாளிகைத் தூணும் படிக்கட்டும் வரைந்து வைத்திருந்தார்கள். நெகட்டிவின்மீது பென்சிலால் டச்சிங் செய்தார்கள். இருட்டறையில் கை நனைத்துப் படம் கழுவினார்கள். உதகமண்டலத்தில் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கி இங்கேயே கறுப்பு வெள்ளைப் பிலிமும் பேப்பரும் செய்தது. அந்த ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, ஊர் ஊராகத் தேடிப் பதிவுசெய்து காப்பகமாகச் சேர்த்திருக்கிறது. ஆய்வாளர்கள் வீடு தேடி வந்து பார்க்கிற ஒன்றை, அந்த வீட்டுக்காரர் பார்க்காமல் இருப்பதற்கு அழகுணர்ச்சி என்று பெயர் வைப்பது தவறு.

2. எந்தச் சாஸ்திரம் சொன்னது?

ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். சென்னையில் அதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது 1850களில். வீடு கட்டும் கலைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் மயமதமும் மானசாரமும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. போட்டோ என்ற பொருளே இல்லாத காலத்தில் போட்டோவை எங்கே மாட்டக் கூடாது என்று யார் எழுதியிருக்க முடியும்? இன்று சாஸ்திரம் என்று சொல்லப்படுவது அண்மைக் காலத்தில் யாரோ சேர்த்த ஒட்டு.

தென்திசை முன்னோருக்கு உரியது என்பது பழைய நம்பிக்கை. அது உண்மை. இல்வாழ்வான் போற்ற வேண்டியவர்களை வரிசைப்படுத்தும்போது வள்ளுவர் தென்புலத்தாரைத்தான் முதலில் வைத்தார். தெய்வத்தைக்கூட அடுத்துத்தான் வைத்தார். அந்த நம்பிக்கையை மதிப்பவர் படத்தைத் தெற்குச் சுவரில் மாட்டட்டும். பூஜை அறையில் சாமியோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்று நினைப்பவர் கூடத்தில் மாட்டட்டும். அந்த நம்பிக்கையில் முன்னோருக்கு ஓர் இடம் உண்டு. பரண் அந்த இடம் அல்ல.

நம் வழக்கத்தையும் பாருங்கள். ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்தோடு படத்திறப்பு நடத்துகிறோம். பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுகிறோம். படத்தின்மேல் இருக்கும் துணியை ஒரு பெரியவர் விலக்க, வந்தவர்கள் பூப்போட்டு வணங்கி அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறார்கள். இறந்தவர் படத்தைச் சபைக்குக் கொண்டுவருவதையே சடங்காக வைத்திருக்கும் சமூகம் இது. அதே படம் இரண்டு ஆண்டு கழித்து அமங்கலம் ஆகுமென்றால், அன்று நாம் திறந்தது என்ன?

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர்கள் போன தலைமுறையில் நிறைய இருந்தார்கள். அந்தப் பயத்தால் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போன பாட்டிகள் பலர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகமே தெரியாது. இன்றைய பயமும் அந்தப் பயத்தின் வாரிசுதான். அது முகத்தைப் பதியவிடாமல் தடுத்தது. இது பதிந்த முகத்தை மறைக்கச் சொல்கிறது.

3. அது துக்கத்தின் படமா?

கறுப்பு வெள்ளை என்றாலே செத்தவர் படம் என்று கண் பழகிவிட்டது. ஆனால் அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட நாள்களை நினைத்துப் பாருங்கள். கலியாணமான மறுவாரம் ஜோடியாக ஸ்டுடியோவுக்குப் போன நாள். முதல் பிள்ளைக்கு ஆண்டு நிறைந்த நாள். பட்டம் வாங்கிக் கறுப்பு அங்கி போட்ட நாள். பட்டாளத்தில் சேர்ந்து லீவில் வந்த நாள். சிங்கப்பூருக்குக் கப்பலேறும் முன்பு வீட்டாரோடு நின்ற நாள். இருப்பதில் நல்ல புடவையை எடுத்துக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து, சில சமயம் ஸ்டுடியோக்காரரின் கோட்டையே வாங்கி மாட்டிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். மாலையும் பொட்டும் பின்னால் நாம் சேர்த்தவை. வாழ்வின் நிறைவான ஒரு நாளைச் சாவின் அடையாளமாக மாற்றியது நம் கை, பழி படத்தின்மேல்.

அவர்கள் சிரிக்கவில்லையே என்கிறார்கள். படம் எடுப்பது அன்று ஒரு விசேஷம். பலருக்கு வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான். ‘அசையாதீங்க’ என்று ஸ்டுடியோக்காரர் சொல்ல, மூச்சை அடக்கி நேராகப் பார்த்தார்கள். சபையில் நிமிர்ந்து உட்காரும் மரியாதை அது. அதைச் சோகம் என்று படிப்பது நம் பிழை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அண்மையில் துணையையோ பிள்ளையையோ பறிகொடுத்தவருக்கு அந்த முகத்தைத் தினமும் பார்ப்பது தாங்க முடியாததாக இருக்கலாம். அவருக்கு எவரும் எதையும் சொல்ல உரிமை இல்லை. அவர் மனம் ஆறும்வரை படம் உள்ளேயே இருக்கட்டும். ஆனால் ஐம்பது ஆண்டுக்கு முன்பு இறந்த கொள்ளுத்தாத்தாவை மறைக்க அந்தத் துக்கத்தைக் காரணம் காட்ட முடியாது.

4. போனில் இருப்பது இருப்பதாகுமா?

போனில் பல்லாயிரம் படங்கள் கிடக்கின்றன. அவற்றில் பாட்டியின் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பாட்டி நினைவுக்கு வர வேண்டும். சுவர் அப்படியல்ல. நினைக்காதவரையும் அது நினைக்க வைக்கும். செருப்பு மாட்டும்போதும் சோற்றுத் தட்டோடு உட்காரும்போதும் கண் தானாக அங்கே போகும். ஐந்து வயதுப் பிள்ளை ஒருநாள் விரல் நீட்டி ‘இது யாரு?’ என்று கேட்கும். ஒரு குடும்பத்தின் கதை அந்தக் கேள்வியில்தான் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. போனுக்குள் இருக்கும் படத்தைப் பார்த்து எந்தக் குழந்தையும் அந்தக் கேள்வியைத் தற்செயலாகக் கேட்பதில்லை.

என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1958இல் கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில், கலியாணப் பந்தல் முன்னே எடுத்த குரூப் போட்டோ அது. மொத்தம் 23 பேர். பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில், இளைஞர்கள் பின்னால் பெஞ்சின்மேல். 2005இல் சித்தப்பா அடுக்குமாடிக்குக் குடிபோனபோது அதைப் பரணில் போட்டார்கள். 2019இல் ஏதோ தேடும்போது கையில் தட்டுப்பட்டது. அந்தக் கலியாணத்தைக் கண்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் பெரிய அத்தை ஒருவர்தான், 84 வயது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தடவிப் பெயர் சொன்னார். பேத்தி எழுதிக்கொண்டாள். 17 பேர் வரை வந்தது. மீதி ஆறு முகங்களில் விரல் நின்றுவிட்டது. “பத்து வருஷத்துக்கு முந்திக் காட்டியிருந்தா சொல்லியிருப்பேனேடா” என்றார். அடுத்த ஆண்டு அத்தை போய்விட்டார்.

அந்தப் படம் எங்கும் தொலையவில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை. பதினான்கு ஆண்டுகள் பத்திரமாகத்தான் இருந்தது. தொலைந்தவை பெயர்கள். சுவரில் இருந்திருந்தால் தீபாவளிக்குத் தீபாவளி யாராவது கேட்டிருப்பார்கள், அத்தை சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்.

பத்திரம் என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த ஆல்பங்கள் கூழாயின. ஸ்கேன் செய்து வைத்திருந்த கம்ப்யூட்டரும் போனது. தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய மூன்று படங்கள் பிழைத்தன. வெள்ளம் தினமும் வருவதில்லைதான். ஆனால் கடவுச்சொல் மறப்பதும், போன் பழுதாவதும், கணக்கு வைத்திருந்தவர் இறந்ததும் கணக்கே மூடிப்போவதும் தினமும் நடக்கின்றன. சுவரில் உள்ள படத்தைப் பார்க்க வெளிச்சம் போதும்.

5. கலராக்கினால் உயிர் வருமா?

கேமரா பதிந்துகொள்ளாத ஒன்றைக் கம்ப்யூட்டர் மீட்டுத் தர முடியாது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாக விழும். சிவப்பை உணராத பழைய ஆர்த்தோ பிலிமில் குங்குமப் பொட்டு கறுப்பாகவே விழும். பாட்டியின் கூறைப்புடவை என்ன நிறம் என்ற செய்தி அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டர் தருவது வேறு ஆயிரம் படங்களைப் பார்த்துப் பழகிய ஓர் ஊகம். ஊகத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் இன்னும் பத்து ஆண்டுகளில் அதுவே சாட்சியாகிவிடும். ‘பாட்டி நீலப்புடவையில் கலியாணம் பண்ணிக்கிட்டாங்க’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பொய்.

இதைவிட மோசமான ஒன்றையும் கண்டேன். என் அப்பாயி நல்ல கறுப்பு. அவர் படத்தை ஒரு செயலியில் கொடுத்தபோது கோதுமை நிறத்தில், உதடு சிவந்து வேறொரு பெண்ணாக வெளிவந்தார். வீட்டில் எல்லோரும் ‘எவ்வளவு அழகு’ என்றார்கள். உயிரோடு இருந்தபோது நிறத்துக்காக அவர் கேட்ட பேச்சு போதாதா? இறந்த பிறகும் வெளுத்தால்தான் சுவரில் இடமா?

பழைய ஸ்டுடியோக்காரர்களும் கையால் வண்ணம் தீட்டினார்களே, டச்சிங்கில் முகத்தை வெளுப்பாக்கினார்களே என்று கேட்கலாம். ஆம், செய்தார்கள். வெளுப்பாக்கியது அன்றும் தவறுதான். ஆனால் அந்த வண்ணம் தூரிகை போட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. இன்றைய ஊகம் தன்னை ஊகமாகக் காட்டிக்கொள்வதில்லை. ஆசைக்குக் கலராக்கிப் பார்ப்பவர் பார்க்கட்டும். சுவருக்கு வேண்டியது எடுத்தபோது இருந்த படம்.

6. மாட்டினால் கெட்டுப்போகுமா?

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது இது. வெளிச்சமும் ஈரமும் படத்தைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பரண் காப்பாற்றும் என்பது எப்படிச் சரியாகும்? மேல்தளத்துச் சூடும், மழைக்கால ஈரமும், கரையானும், இராமபாணப் பூச்சியும் குடியிருக்கும் இடம் அது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாக நிற்பது உலோக வெள்ளி. ஹைப்போ என்ற ரசாயனத்தை நன்றாகக் கழுவி எடுத்த படம் நூறாண்டைத் தாண்டி நிற்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த வண்ணப் படங்கள் சாயத்தால் ஆனவை. ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தபோதே சிவந்துபோனவை ஏராளம். நாம் மட்டமாக நினைக்கிற கறுப்பு வெள்ளைதான் இரண்டிலும் நீடித்தது.

மாட்டுவதா காப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. மூலப்படத்தை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, மங்கல் பரப்புள்ள தாளில் கறுப்பு வெள்ளையாகவே பிரதி எடுத்து அதை மாட்டுங்கள். மூலத்தை அமிலமில்லாத காகித உறையில் போட்டு, பீரோவின் நடுத்தட்டில் படுக்கை வசமாக வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், செல்லோடேப் வேண்டாம். பின்புறம் எழுத மென்மையான பென்சில் போதும். பேனா மை ஊறும். மூலத்தையே மாட்ட விரும்புகிறவர், கண்ணாடி படத்தில் ஒட்டாமல் இருக்க நடுவே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லட்டும். நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. குளியலறைச் சுவரின் மறுபக்கமும் மேற்கு வெயில் விழும் இடமும் கூடாது. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்தால் காற்று ஓடும். கெட்டுப்போகும் என்ற பயத்துக்குப் பதில் இவ்வளவுதான்.

7. பரம்பரைப் பெருமை பேசவா மாட்டுகிறோம்?

இந்தக் கேள்வியை இடதுசாரி நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். படம் எடுக்க வசதி இருந்தவர் சிலரே. முன்னோர் வரிசை என்பது சாதிப் பெருமைக்கும் ஆண்வழிப் பெருமைக்கும் அடையாளமாகிவிடும் என்கிறார்கள். கவலை நியாயமானது. மீசையும் தலைப்பாகையும் கைத்தடியும் மட்டும் வரிசையாக நிற்கும் சுவர் அப்படித்தான் பேசும்.

அதற்கு மருந்து சுவரைக் காலியாக்குவது அல்ல, விடுபட்டவர்களைச் சேர்ப்பது. வாக்காளர் அடையாள அட்டை 1993இல் வந்தபோதுதான் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்ட கூலிக்காரப் பெண்கள் எத்தனையோ பேர். பல வீடுகளில் அந்த நகக்கண் அளவுப் படத்திலிருந்து பெரிதாக்கியதுதான் அம்மாவின் ஒரே முகம். மங்கலாகத் தெரியும் அந்த முகத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். அம்மா வழிப் பாட்டியையும் அப்பா வழிப் பாட்டியையும் சம அளவில் மாட்டுங்கள். கலியாணமாகாமல் வீட்டுக்கே உழைத்துப்போன அத்தையை மாட்டுங்கள். மறுதலைமுறைக்குக் காட்ட வேண்டியது செல்வாக்கை அல்ல. யார் உழைப்பில் நாம் நிற்கிறோம் என்பதை.

இந்த ஏழில் ஒரு வாதமும் நிற்கவில்லை. நிற்பது ஒரு பழக்கம் மட்டும்: புதிய வீடு என்றால் பழைய முகங்கள் இருக்கக் கூடாது என்ற பழக்கம். அதைக் கைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பரணில் உள்ள பொட்டலத்தை இறக்குங்கள். வீட்டில் மூத்தவரை நடுவில் உட்கார வையுங்கள். பெயர், ஊர், உறவு, ஆண்டு நான்கையும் கேட்டு எழுதுங்கள். நான்கைந்து படங்களைத் தேர்ந்து, உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேராக, பிள்ளைகள் விரல் நீட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.

சித்தப்பா வீட்டுக் கூடத்தில் அந்த 1958ஆம் ஆண்டுப் படம் இப்போது மாட்டப்பட்டிருக்கிறது. கீழே ஓர் அட்டையில் 17 பெயர்கள். அடுத்து ஆறு வரிகள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. அவற்றை நிரப்பக் கூடியவர் இனி யாரும் இல்லை. உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறார்.